தமிழில் தொற்றுநோய்த் திகில் படங்கள்

பேயின் இடத்தில் நோயை வைத்துக் கதை சொல்லும் படங்களைத் தொற்றுநோய்த் திகில் படங்கள் என்கிறோம். கடி, எச்சில், ரத்தம், மூச்சு என ஏதோ ஒன்றின் வழியே நோய் பரவுகிறது. பிடித்தவர் செத்துப்போகிறார், அல்லது அடுத்தவரைக் கடிக்கும் உருவாக மாறிவிடுகிறார். உலக அளவில் இந்த வகை பெரும்பாலும் சிறு முதலீட்டில் வளர்ந்தது. அதன் விருப்பமான களம் பெருநகரம். தமிழில் இது தாமதமாகத்தான் வந்தது. 2016 பிப்ரவரி 19 அன்று வெளியான சக்தி சௌந்தர் ராஜனின் ‘மிருதன்’ தமிழின் முதல் ஜாம்பி படம் என்றே விளம்பரம் செய்யப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் நோய்ப் பரவலைக் கருவாகக் கொண்ட தமிழ்ப் படங்கள் உண்டு. ஆனால் நகரத்தையே நோயாகக் காட்டும் சிறு பட்ஜெட் படம் தமிழில் இன்னும் வேர்விடவில்லை. அதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. நம் ஊர்களுக்கும் நகரத்துக்கும் உள்ள உறவும் ஒரு காரணம்.

உலகில் இந்த வகையின் வளர்ச்சி

1968இல் ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் அருகே எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தின் செலவு சுமார் 1,14,000 டாலர். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பண்ணை வீடு, பெயர் தெரியாத நடிகர்கள். இன்று உலகம் அறிந்த ஜாம்பி அதில்தான் உருவானது. பத்தாண்டு கழித்து அதே ரொமேரோ ‘டான் ஆஃப் தி டெட்’ படத்தில் தப்பிப் பிழைத்தவர்களை ஒரு வணிக வளாகத்துக்குள் அடைத்தார். ‘மிருதன்’ கோவை மால் ஒன்றுக்குள் போவதற்கு வழி போட்டது அந்தப் படம்தான்.

நகரத்தை முழுமையாக நோய்க்களமாக்கியவர் கனடாவின் டேவிட் க்ரோனன்பெர்க். அவருடைய ‘ஷிவர்ஸ்’ (1975) மாண்ட்ரியலின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்குள் தொடங்கி, நோய் நகரத்துக்குள் கிளம்புவதோடு முடிகிறது. ‘ராபிட்’ (1977) படத்தில் வெறிநோய் போன்ற ஒரு தொற்று அதே நகரத்தின் தெருக்களுக்கும் ரயிலுக்கும் கடைகளுக்கும் பரவி, ராணுவச் சட்டம் வரை போகிறது. 2002இல் டேனி பாயலின் ‘28 டேஸ் லேட்டர்’ ஆளில்லாத லண்டனைக் காட்டியது. அதிகாலையில் கொஞ்ச நேரம் மட்டும் போக்குவரத்தை நிறுத்தி, சாதாரண டிஜிட்டல் வீடியோ கேமராக்களால் அந்தக் காட்சிகளை எடுத்தார்கள். ஸ்பெயினின் ‘ரெக்’ (2007) பார்சிலோனாவின் ஒரே ஒரு கட்டடத்தோடு நின்றுகொண்டது. ஜிம் மிக்கிலின் ‘மல்பெரி ஸ்ட்ரீட்’ (2006) நியூயார்க்கில் எலிகள் பரப்பும் நோயைப் பற்றியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி விரட்டப்படும் வாடகைக் குடும்பங்கள்தான் அதில் நோயிடமும் சிக்குகின்றன. பிரிட்டனில் மார்க் பிரைஸ் எடுத்த ‘காலின்’ (2008) வெறும் 45 பவுண்டில் முடிந்த படம் என்று பேர் வாங்கியது. நடித்தவர்கள் சம்பளம் வாங்காமல் வந்த ஆர்வலர்கள்.

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே சிக்கனம் தெரியும். நோய் கண்ணுக்குத் தெரியாதது. அதைக் காட்டச் செலவில்லை. பூட்டிய கதவும் அதற்கு அந்தப் பக்கம் கேட்கும் ஒரு குரலும் போதும். நோயை இவை நகரத்தின் உள்ளிருந்தே எடுக்கின்றன: சுவர் ஒட்டிய வீடுகள், முகம் தெரியாத அண்டை வீட்டார், கைவிடப்பட்ட வாடகைதாரர்.

தமிழ் வேர்: அம்மையும் அம்மனும்

தமிழ்த் திரையில் தொற்றுநோய் முதலில் வந்த இடம் நகரமல்ல, கிராமத்து அம்மன் கோயில். அம்மை போட்டால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, வெளியாள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது தென்மாவட்டங்களில் இன்றைக்கும் உள்ள வழக்கம். தொற்றைத் தடுக்கும் தனிமைப்படுத்தலையும் வழிபாட்டையும் ஒன்றாகக் கட்டிய ஏற்பாடு அது. கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘மகாசக்தி மாரியம்மன்’ (1986), ராம நாராயணனின் ‘ஆடி வெள்ளி’ (1990) என்று தொடர்ந்த பக்திப் படங்களின் உலகம் இந்த நம்பிக்கையின் மேல் நின்றது. அவற்றில் பலவும் குறைந்த செலவில், வேகமாக எடுக்கப்பட்டவை. ஆத்தாளின் கோபமாகவும் அருளாகவும் நோயைப் பார்க்கும் அந்த உலகத்தில், திகிலுக்குக் காரணமும் மருந்தும் ஒரே கோயிலில் கிடைத்தன.

ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரம் போன்ற ஊர்களில் இருந்து பார்த்தால் இந்த மரபு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது புரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பூக்குழித் திருவிழாவும், சாத்தூர் அருகே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலின் ஆடி வெள்ளிக் கூட்டமும் இந்த வட்டாரத்தின் ஆண்டுக் கணக்கில் தவறாதவை. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி பதிவானது 1975இல். நோய் போனது, நேர்த்திக்கடன் நிற்கவில்லை. அம்மன் படத்தில் கையெடுத்துக் கும்பிட்ட பார்வையாளருக்கு, நோயை வெறும் கிருமியாகக் காட்டும் திகில் படம் அந்நியமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆய்வகத்தின் மீது சந்தேகம்

2000க்குப் பிறகு தமிழ்த் திரையில் நோய் கோயிலை விட்டு ஆய்வகத்துக்கு இடம் மாறியது. எஸ். பி. ஜனநாதனின் ‘ஈ’ (2006) சென்னைக் குடிசைப்பகுதி மக்கள் மேல் நடக்கும் மருந்துச் சோதனையைக் கதையாக்கியது. அது திகில் படமல்ல. ஆனாலும் யாருடைய உடல் சோதனைக் கூடமாகிறது என்ற கேள்வியைத் தமிழில் அவ்வளவு நேராகக் கேட்ட படம் வேறில்லை. இந்த வகையில் எழுத வருகிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய ‘தசாவதாரம்’ (2008) உயிரியல் ஆயுதக் குப்பி ஒன்றைத் தமிழ்நாடு முழுக்கத் துரத்தியது. 2004 ஆழிப்பேரலையின் உப்புநீரில் அந்தக் கிருமி அழிகிறது. 2011 தீபாவளிக்கு வந்த ஏ. ஆர். முருகதாஸின் ‘7ஆம் அறிவு’, சென்னைத் தெருநாய் ஒன்றின் உடலில் ஏற்றிய கிருமியிலிருந்து நகரத் தொற்றைத் தொடங்கியது. அதற்கான மருந்தைக் காஞ்சியின் போதிதர்மர் வழியில் தேடியது.

‘தசாவதாரம்’, ‘7ஆம் அறிவு’ இரண்டும் பெரும் முதலீட்டுப் படங்கள். நோய் வெளிநாட்டிலிருந்து வருவதாகவும், மீட்பு இந்த மண்ணின் கடலிலோ பழைய அறிவிலோ இருப்பதாகவும் காட்டுகின்றன. நகரம் அவற்றில் நோய் கடந்துபோகும் இடம் மட்டும்தான். சென்னையின் சாக்கடை, தண்ணீர் லாரி, நெரிசல் எதுவும் நோய்க்குக் காரணமாக வருவதில்லை.

மிருதன்

‘மிருதன்’ எஸ். மைக்கேல் ராயப்பன் தயாரிப்பு, டி. இமான் இசை. ஊட்டியில் போக்குவரத்துக் காவலராக ஜெயம் ரவி, மருத்துவராக லட்சுமி மேனன், காவலரின் தங்கையாக அனிகா. சிந்திய ரசாயனக் கழிவைக் குடித்த நாய் ஒன்று மனிதனைக் கடிக்கிறது. கடிபட்டவன் தன் வீட்டாரைக் கடிக்கிறான். ஒரே இரவில் மலையூர் நோயிடம் விழுகிறது. தடுப்பு மருந்து தயாரிக்க மருத்துவர் குழு கோவைக்கு இறங்க வேண்டும். காவலர் வண்டி ஓட்டுகிறார். வழியெல்லாம் துப்பாக்கிச் சூடு.

இந்தப் படத்தின் ஜாம்பிகள் தண்ணீரைக் கண்டு அஞ்சுகின்றன. நாயில் தொடங்கி, கடியால் பரவி, நீரை அஞ்சும் நோய் என்றால் நம் ஊரில் அது ஒன்றே ஒன்றுதான்: வெறிநாய்க்கடி. படம் வெளிநாட்டு ஜாம்பியை இறக்குமதி செய்ததாக விமர்சிக்கப்பட்டதுண்டு. அதன் நடுக்கமோ முழுக்க உள்ளூர்ச் சரக்கு. நாய் கடித்தால் உப்பும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரி போகாமல் இருந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு ஊரிலும் ஒரு கதை உண்டு. அறிகுறி வந்துவிட்டால் வெறிநோய்க்குப் பிழைப்பு கிட்டத்தட்டக் கிடையாது. நோய் கண்டவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு, அதைக் கண்டதும் நடுங்குவதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

படம் தொடாமல் விட்ட உண்மை ஒன்று அதே மலையில் இருக்கிறது. ஊட்டிக்குக் கீழே குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம், வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காகவே அமைக்கப்பட்டது. அதற்கு முன் தென்னிந்தியாவில் கடிபட்டவர் சிகிச்சைக்காக வடக்கே கசௌலி வரை போக வேண்டியிருந்தது. ஊட்டியிலிருந்து கோவைக்குக் குன்னூர் வழியாக இறங்குவது வழக்கமான பாதை. மருந்தைத் தேடி மருத்துவர்கள் சமவெளிக்கு விரையும் கதையில், நூறாண்டுக்கும் மேலாக மருந்து செய்துவந்த ஊர் கண்ணில் படாமல் போனது பெரிய இழப்பு. அங்கே வண்டி நின்றிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

இயக்குநரின் மற்ற படங்களையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ‘நாய்கள் ஜாக்கிரதை’ (2014) படத்தில் நாய்தான் நாயகனின் துணை. ‘டிக் டிக் டிக்’ (2018) விண்வெளிக்குப் போனது. புது வகையைத் தமிழுக்குக் கொண்டுவந்து, அதைக் குடும்பப் பாசத்தின் மேல் உட்கார வைப்பது அவர் முறை. ‘மிருதன்’ படத்திலும் தங்கைப் பாசம்தான் முதுகெலும்பு. நாயகனே நோயிடம் விழும் முடிவு, நட்சத்திரப் படத்தில் எடுக்கத் துணிச்சல் வேண்டிய ஒன்று.

நோய் வரும் திசை

அமெரிக்க, ஐரோப்பியப் படங்கள் பலவற்றில் மக்கள் நகரத்தை விட்டு ஓடுகிறார்கள். ‘மிருதன்’ படத்தில் நகரத்தை நோக்கி ஓடுகிறார்கள். இது தற்செயல் அல்ல. தளவாய்புரத்திலோ சேத்தூரிலோ ஒருவருக்கு உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனால் ராஜபாளையம் ஆஸ்பத்திரி, அங்கே கைவிரித்தால் மதுரை பெரியாஸ்பத்திரி என்பதுதான் வழி. நகரம் என்பது ஸ்கேனும் சிறப்பு மருத்துவரும் இருக்கும் இடம், கடைசி நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்திருக்கும் பார்வையாளரிடம் நகரமே நோய் என்று சொல்லும் படம் எடுபடுவது கடினம்.

2020 அந்தத் திசையை மாற்றியது. சென்னையின் கோயம்பேடு சந்தையில் கொரோனா தொற்று பரவி, மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள் வழியாக நோய் பல மாவட்டங்களுக்குப் போனது. சென்னையிலிருந்து வந்த மகனை வாசலிலேயே நிறுத்த வேண்டிய நிலைமை பல வீடுகளுக்கு வந்தது. ஒரு தமிழ்த் தொற்றுநோய்த் திகில் படத்துக்கு வேண்டிய எல்லாம் அந்த வாசற்படியில் இருந்தது. கொரியாவின் ‘ட்ரெய்ன் டு பூசான்’ (2016) சியோலிலிருந்து கிளம்பும் ரயிலில் நோயை ஏற்றியது. சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பி விடியும்போது ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுச் செங்கோட்டைக்குப் போகும் பொதிகை விரைவு ரயிலில் அப்படி ஒரு கதையை ஏற்ற இன்னும் யாரும் வரவில்லை.

சென்னையின் உண்மையான நோய் வரலாறும் கதைக்குக் குறை வைக்கவில்லை. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது இந்நகரில். 1992இல் ஓ139 என்ற புதிய வகைக் காலராக் கிருமி முதலில் தென்பட்டதும் இங்கேதான். சில மாதங்களில் அது வங்கதேசம் வரை போனது. இந்த இரண்டைப் பற்றியும் குறிப்பிடத்தக்க தமிழ்த் திகில் படம் கிடையாது. 2018 நிபா பரவலை அடுத்த ஆண்டே ஆஷிக் அபுவின் ‘வைரஸ்’ என்ற மலையாளப் படம் கோழிக்கோட்டு மருத்துவமனைக்குள்ளிருந்தே சொன்னதை வைத்துப் பார்த்தால் இந்த வெறுமை உறுத்துகிறது.

செலவுக் கணக்கு

சிறு முதலீட்டுத் தமிழ்த் திகில் படம் நன்றாகவே வாழ்கிறது, ஆனால் பேயோடு. ‘பீட்சா’ (2012), ‘டிமான்ட்டி காலனி’ (2015), ‘மாயா’ (2015) ஆகியவை சில அறைகள், சில நடிகர்கள், நல்ல ஒலியமைப்பு ஆகியவற்றை வைத்தே வென்றன. ஒரு பேய்க்கு ஒரு நடிகர் போதும். தொற்றுக்குக் கூட்டம் வேண்டும். ஒவ்வொரு துணை நடிகருக்கும் நாள் கூலி, சாப்பாடு, மணிக்கணக்கில் மேக்கப். சென்னைச் சாலையைக் காலி செய்ய அனுமதி வாங்குவது தனிப் பாடு. அதனால் கூட்டம் வேண்டுமென்றால் நட்சத்திரம் வேண்டும், நட்சத்திரம் வந்தால் பாட்டும் சண்டையும் வேண்டும் என்று சக்கரம் சுற்றுகிறது. 2019 செப்டம்பரில் யோகி பாபு, யாஷிகா ஆனந்த் நடித்து வந்த ‘ஜாம்பி’ கதையை ஒரு விடுதிக்குள் அடக்கி இந்தச் சிக்கலைத் தாண்டியது. அதன் நாட்டம் சிரிப்பில் இருந்தது. இந்தியின் ‘கோ கோவா கான்’ (2013), ராயலசீமைப் பகைக் குடும்பங்களோடு ஜாம்பியைக் கலந்த தெலுங்கின் ‘ஜாம்பி ரெட்டி’ (2021) ஆகியவையும் அதே வழியில் போனவை.

நடைமுறைத் தேவைகளுக்கு நகரம்தான் வேண்டும் என்பதில்லை. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி வட்டாரம் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்வதற்குப் பேர் போனது. தளவாய்புரம் நைட்டி தைக்கும் ஊர். காயத்தைக் கட்டும் துணியே பிழைப்பான ஒரு வட்டாரத்தில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு நோய்க்கதை நடப்பதை நினைத்துப் பார்க்க முடிகிறது. அப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தால் செட் போடும் செலவு மிச்சம், கதைக்கும் உண்மை கிடைக்கும்.

ஊரடங்குக்குப் பின்

2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுத் திரையரங்குகள் நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு திறந்தன. அந்தக் காலத்தைத் திகிலாக்கிய முக்கியமான தமிழ்ப் படம் அஸ்வின் சரவணனின் ‘கனெக்ட்’ (2022 டிசம்பர் 22). கொரோனாவில் தந்தையான மருத்துவரை இழந்த வீட்டில், ஊரடங்குக்குள் மகளைத் தீய சக்தி பிடிக்கிறது. தாயாக நயன்தாரா, காணொலி அழைப்பின் வழியே பேயோட்டுபவராக அனுபம் கேர். 99 நிமிடம், இடைவேளை கிடையாது. ஒரு வீடு, சில திரைகள், குறைவான நடிகர்கள் என்று சிறு பட்ஜெட் தொற்றுப் படத்தின் முழு இலக்கணமும் அதில் இருக்கிறது. ஆனால் பயமுறுத்தும் வேலையைக் கடைசியில் நோயிடமிருந்து பேய் வாங்கிக்கொள்கிறது. கவச உடைக்குள் ஆள் தெரியாத உறவினர், தொட முடியாத பிணம், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து விடைபெறும் தந்தை ஆகியவற்றைக் கொண்டு முழுப் படத்தையும் நடத்தியிருக்க முடியும். அந்த வழியில் எடுத்த நெடும்படம் ஒன்று தமிழில் இன்னும் நிலைபெறவில்லை.