கரும்புத் தீவின் முதல் குடியரசுத் தலைவர் ஒரு தமிழர்



மொரீஷியஸ் நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவரே தமிழ் வழி வந்தவர் என்பது தெரியுமா? அவர் பெயர் சர் வீராசாமி ரிங்காடு.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைவிடச் சிறிய தீவு அது. அடிமை முறை ஒழிந்த காலத்தில், 1834 முதல், கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். தமிழர்களும் போனார்கள்.

ரிங்காடு பிறந்தது 1920இல். லண்டனில் சட்டம் படித்தார். 1951இல் தொழிற்கட்சி சார்பில் சட்டசபைக்குள் நுழைந்தார். தொழிலாளர், கல்வித் துறைகளைப் பார்த்தார். 1968 மார்ச் 12இல் நாடு விடுதலை பெற்றது. அதிலிருந்து 1982 வரை, பிரதமர் ராம்கூலத்தின் ஆட்சியில் 14 ஆண்டுகள் நிதியமைச்சர்.

ஆசிரியனாக என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அந்த 14 ஆண்டுகள்தான். அங்கே மேல்நிலைக் கல்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் தனியார் பள்ளியில் பணம் கட்டிப் படித்தார்கள். 1975 மே மாதம் மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 1977 ஜனவரியிலிருந்து அரசு அதை இலவசமாக்கியது. அறிவித்தவர் ராம்கூலம். ஆனால் அதற்குப் பணம் தேட வேண்டியவர் ரிங்காடு.

அந்த நேரம் பார்த்துச் சர்க்கரை விலை சரிந்தது. கச்சிராயபாளையம் ஆலைக்குக் கரும்பு போடும் வீட்டாருக்கு அதன் வலி தெரியும். ஒரு நாடே கரும்பை நம்பி இருந்தால்? 1979இலும் 1981இலும் நாணய மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. விலைவாசி ஏறியது. 1982 தேர்தலில் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் எதிரணி அள்ளிக்கொண்டது. தொழிற்கட்சி ஓர் இடத்தில்கூட ஜெயிக்கவில்லை.

பள்ளிகளைத் திறந்த காமராசரையே 1967இல் விருதுநகர் தோற்கடித்ததல்லவா? கல்வியின் பலன் வர இருபது வருடம் ஆகும். அரிசி விலை மறுநாளே தெரிந்துவிடும். ஓட்டு எதைப் பார்த்து விழும், சொல்லுங்கள்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1982இல் அவர்களைத் தோற்கடித்துப் பிரதமரானவர் அனிரூத் ஜக்நாத். அவர் ஆட்சியிலேயே 1986 ஜனவரியில் ரிங்காடு தலைமை ஆளுநரானார். 1992 மார்ச் 12இல் நாடு குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவரும் அவரே. ஜூன் 30இல் காசிம் உத்தீமிடம் பதவியை ஒப்படைத்துவிட்டு அமைதியாக விலகினார். நான்கு மாதம்கூட இல்லை. 2000இல் காலமானார்.

பெரிய பதவி சில மாதத்தில் முடிந்தது. இலவசக் கல்வி இன்றும் நடக்கிறது. ஒரு தலைவரை அளக்க நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டில் முதன்முதலில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் யார்? கீழே எழுதுங்கள், படிக்க ஆசை.

நைனார்பாளையத்திலிருந்து அன்புடன்,
உங்கள் வாத்தியார்