வேலை தெரிந்தால் போதுமா... சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டாமா?

குளச்சல் கடற்கரையில் ஓர் அவுட்போர்டு இன்ஜின் பட்டறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கார்புரேட்டரைச் சடசடவெனக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்டுகிறார் ஆசான். “இவ்வளவுதாம் மக்கா, பாத்துக்கிட்டியா?” என்கிறார். பழக வந்த 35 வயது மீனவர் தலையாட்டுகிறார். மறுநாள் அவரே கழற்றும்போது பாதியில் கை நின்றுவிடுகிறது. நடுக்கடலில் இன்ஜின் நின்றால் அவர் கதி?

தப்பு யார் மேல? கைக்கு நன்றாகப் பழகிய வேலையை நாம் யோசிக்காமலே செய்வோம். அதனாலேயே இடையில் உள்ள சின்னச் சின்னப் படிகளைச் சொல்ல மறந்துவிடுவோம். வேலை தெரிவது ஒரு திறமை. சொல்லிக்கொடுப்பது இன்னொரு திறமை.

குளச்சலுக்கு இது தெரிந்த கதைதான். 1741-ல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களை இங்கேதான் தோற்கடித்தது. பிடிபட்ட டிலனாய், பிறகு திருவிதாங்கூர் வீரர்களுக்கே ஐரோப்பியப் போர்முறையைப் பழக்கி, ‘வலிய கப்பித்தான்’ ஆனார். கைதியாக வந்தவரை உயர்த்தியது, தெரிந்ததைப் பிறருக்குப் பழக்கிவிடும் திறமை.

பெரியவர்களுக்குக் கற்பிப்பது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதுபோல இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் இதை விரிவாக எழுதினார். பெரியவர்கள் அனுபவத்தோடு வருகிறார்கள். ‘இது எனக்கு எதுக்கு?’ என்று தெரிந்தால்தான் மனசு ஒட்டும். நாலு பேர் முன்னால் திட்டினால், மறுநாள் வரவே மாட்டார்கள்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில், புதிய தொழிலாளர்களை வேகமாகப் பழக்க அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நாலு படிகள் பின்பற்றப்பட்டன. நீங்களும் முயலலாம்.

1. முதலில் பயத்தைப் போக்குங்கள். ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள்.
2. ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டி, ஏன் என்றும் சொல்லுங்கள்.
3. அவரையே செய்யவிட்டு, செய்துகொண்டே விளக்கச் சொல்லுங்கள்.
4. தனியாக விடுங்கள், அவ்வப்போது போய்ப் பாருங்கள்.

தலையாட்டலை நம்பி ஏமாறாமல் இருக்க மூன்றாவது படிதான் கைகொடுக்கும்.

இதை முறையாகப் படிக்கவும் வழி இருக்கிறது. ஐடிஐ பயிற்றுநர்களுக்காக மத்திய அரசு நடத்தும் ‘சிஐடிஎஸ்’ ஓராண்டுப் படிப்பில், தொழிலோடு கற்பிக்கும் முறையும் பாடம். சென்னை கிண்டியில் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. குமரி மாவட்டப் பெண்களுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள மகளிர் நிறுவனம் பக்கம்.

அடுத்த முறை யாருக்காவது வேலை பழக்கும்போது, “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். “எங்கே, செஞ்சு காட்டுங்க” என்று சொல்லிப் பாருங்கள்.