தொகுத்தலும் தொடங்குதலும்: கெர்னல் சோதனையின் வரலாறு



‘மலை கஞ்சியைக் குடித்தது’ என்னும் தொடரில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் முறையாக அமைந்துள்ளன. இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் பொருள் பொருந்தவில்லை. வடிவம் சரியாக இருப்பது வேறு, செயற்படுவது வேறு. இவ்வேறுபாட்டைக் கணினித் துறை கற்றுக்கொண்ட வரலாறே இன்றைய பொருள்.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். வன்பொருளுக்கும் பிற மென்பொருள்களுக்கும் இடையே நின்று இயங்கும் கருவே கெர்னல். அதில் எவ்வுறுப்புகள் இடம்பெற வேண்டும் எனத் தெரிவு செய்யலாம். அத்தெரிவுகளின் தொகுதியை அமைவடிவம் என்போம். இன்று தெரிவுகள் பத்தாயிரத்தைக் கடந்துவிட்டன. ஒன்றையொன்று சாராத 33 தெரிவுகளுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என விடையளித்தாலே ஏறத்தாழ 859 கோடி அமைவடிவங்கள் பிறக்கும். அனைத்தையும் சோதித்தல் இயலாது.

எனவே இருவகைச் சோதனைகள் வளர்ந்தன. முதலாவது தொகுப்புச் சோதனை. மூலநிரல் பிழையின்றி இயந்திரமொழியாக மாறுகிறதா எனப் பார்ப்பது. ஸ்டீபன் ரோத்வெல் 2008இல் தொடங்கிய ‘லினக்ஸ்-நெக்ஸ்ட்’, பலர் எழுதிய மாற்றங்களை முன்கூட்டியே ஒன்றுசேர்த்துத் தொகுத்துப் பார்த்தது. தெரிவுகளைக் கண்மூடி எடுக்கும் ‘ராண்ட்கான்ஃபிக்’ முறையோ, எவரும் எண்ணாத சேர்க்கைகளில் ஒளிந்த பிழைகளை வெளிக்கொணர்ந்தது. பொறி கையில் இல்லாதபோதும் அதற்குரிய நிரலைத் தொகுத்துப் பார்க்கலாம் என்பது இதன் வலிமை.

இரண்டாவது தொடக்கச் சோதனை. தொகுத்த கெர்னலைப் பொறியில் ஏற்றி, அது விழித்தெழுகிறதா எனப் பார்ப்பது. நினைவகத்தின் தவறான இடத்தைத் தொடும் பிழை தொகுப்பியின் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடும், ஓடும்போதுதான் வெளிப்படும். லினாரோ அமைப்பில் தோன்றிய ‘கெர்னல்சிஐ’ திட்டம், பல ஆய்வகங்களின் பொறிகளில் இச்சோதனையை நடத்தி வந்து, 2019இல் லினக்ஸ் அறக்கட்டளையில் இணைந்தது. உண்மைப் பொறி இல்லாதவர்க்குக் ‘கியூஎமு’ என்னும் போலிமப் பொறி உதவுகிறது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. வட்டை வாசிக்கும் உறுப்பையே விட்டுவிட்ட அமைவடிவம் நன்கு தொகுக்கப்படும். ஆயினும் அந்த வட்டிலிருந்து தொடங்க இயலாது. நிரலில் பிழையில்லை, குறை தெரிவில் உள்ளது. ஆகவே தொடங்காமை யாவும் நிரற்பிழை அன்று. தொகுந்தமை யாவும் வெற்றியும் அன்று.

தஞ்சோங் மாலிமில் இதனை விளக்குதல் எளிது. இங்குள்ள கார்த் தொழிற்சாலையில் உறுப்புகள் யாவும் பொருந்தினால் மட்டும் போதாது. பொறி முடுக்கப்பட வேண்டும். 1922 முதல் ஆசிரியர்களை உருவாக்கி வரும் இவ்வூருக்கு இன்னொரு பாடமும் உண்டு. வேற்றுமை உருபுகளைப் பிழையின்றி எழுதும் மாணவன், நான்கு பேர் முன் தமிழில் பேச நாவெழாமல் நிற்பதைக் கண்டிருக்கிறோம். அவனுடைய தேர்ச்சி பொய்யன்று. அது தொகுப்புச் சோதனையின் தேர்ச்சி.

‘சோதிக்கப்பட்டது’ என்று எழுதும் எவரும், எது சோதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தெழுத வேண்டும். மதிப்பெண் பட்டியலுக்கும் அது பொருந்தும்.