உதிர்ந்த இலையில் உறங்கும் நோய்

1983ஆம் ஆண்டு ஹிமாச்சலப் பிரதேசத்து மலைகளில் ஆப்பிள் காய்த்தது, விலைபோகவில்லை. பழத்தோலெங்கும் கரும்புள்ளிகள், வெடிப்புகள். நோயுற்ற பழங்களை அரசே வாங்கி அழிக்க நேர்ந்தது. பத்தாண்டுகளுக்கு முன், 1973இல், காஷ்மீரும் இதே துயரைக் கண்டிருந்தது. நோயின் பெயர் சொறிநோய். அதை உண்டாக்குவது வெஞ்சூரியா இனிக்குவாலிஸ் என்னும் பூஞ்சை.

இப்பேரழிவை மழையின் பிழை என்று மட்டும் கொள்வது முழு வரலாறு ஆகாது. 1916இல் சிம்லாவை அடுத்த கோட்கட்டில் சாமுவேல் ஸ்டோக்ஸ் அமெரிக்காவிலிருந்து தருவித்த டெலிஷியஸ் கன்றுகளை நட்டார். அவற்றின் பழத்தைச் சந்தை விரும்பியது. மலைச்சரிவுகள் பெரும்பாலும் டெலிஷியஸ் வகைகளால் நிறைந்தன. அவையோ சொறிநோய்க்கு எளிதில் ஆட்படுபவை. மேலும், ஒரே வகையிலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கிய மரங்கள் மரபால் ஏறத்தாழ ஒன்றே. ஒரு மரத்தை வென்ற பூஞ்சைக்குத் தோட்டம் முழுவதும் திறந்த வாசல்.

அதன்பின் பூஞ்சைக்கொல்லித் தெளிப்பே முதன்மை அரணாயிற்று. அது விளைச்சலைக் காத்தது என்பதை மறுக்கவியலாது. ஆனால் செலவு உழவர் தலையில் ஏறியது. சில மருந்துகளைத் திரும்பத் திரும்பத் தெளிக்கையில் அவற்றைத் தாங்கும் பூஞ்சையே எஞ்சிப் பெருகும்.

மாற்றுவழிக்கான அறிவு முன்னரே இருந்தது. இலை எத்தனை மணிநேரம் நனைந்திருந்தால், எந்த வெப்பநிலையில் நோய் தொற்றும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் மில்ஸ் 1944இல் அட்டவணையாக்கினார். 18 பாகை செல்சியஸ் அளவில் ஏறத்தாழ 9 மணிநேர ஈரம் போதும். குளிர் மிகுந்தால் கூடுதல் நேரம் வேண்டும். நாட்காட்டியைப் பாராது வானிலையைப் பார்த்து மருந்தடிக்க இது வழிகாட்டியது.

பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது உதிர்ந்த இலைகளில். வசந்த மழையில் அங்கிருந்தே அதன் வித்துகள் எழுந்து இளந்தளிரைப் பற்றுகின்றன. ஆகவே இலையுதிர்வுக்குச் சற்று முன் 5 விழுக்காடு யூரியாக் கரைசல் தெளித்தால் சருகு விரைந்து மட்கும். அடுத்த ஆண்டின் தொற்று குறையும்.

எதிர்ப்புத்திறன் கொண்ட வகைகளும் உண்டு. ஒரு காட்டு ஆப்பிளின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய பிரைமா 1970இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பின்னர் ஐரோப்பாவில் அந்தத் தடையையும் பூஞ்சையின் புதிய இனங்கள் கடந்தன. மருந்தோ மரபணுவோ, ஒற்றை ஆயுதம் நிலைப்பதில்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

எனவே சருகை அகற்றுதல், வானிலை கணித்தல், வகைகளைக் கலந்து நடுதல், அளவறிந்து தெளித்தல் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். நான்காவதை நம்பி முதல் மூன்றை மறந்த தோட்டம், மழை மிகும் ஒவ்வோர் ஆண்டும் 1983ஐ அஞ்சியே வாழும்.