ஷெரீப் பதவியும் ஸ்தல ஜனவாக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான மாநிலங்களில், கவுண்டி எனப்படும் ஸ்தலப் பிரிவின் போலீஸ் தலைவராகவும் சிறைச்சாலையின் அதிபதியாகவும் விளங்கும் ஷெரீப், பிரஜைகளின் வாக்கினாலேயே பதவிக்கு வருகிறார். அவரைக் கட்டுக்குள் வைக்கத் தேர்தலே போதும் என்பது இந்த ஏற்பாட்டின் ஆதாரக் கொள்கை. அக்கொள்கை அரைகுறையானது என்பதும், ஸ்தல ஜனவாக்குத் தீர்மானத்தினால் அதைப் பூர்த்தி செய்யலாம் என்பதும், ஆயினும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டாலன்றி அது நியாயமாகாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தேர்தலின் போதாமைக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியே தக்க சான்று. சுமார் 1 கோடி ஜனங்கள் வாழும் அக்கவுண்டியில் 1998 முதல் நான்கு தேர்தல்களில் வென்ற லீ பாக்கா, தமது சிறைகளில் நடந்த கொடுமைகளைப் பற்றிய மத்திய அரசாங்க விசாரணைக்கு இடையூறு செய்தார் என்று 2017-இல் குற்றவாளியாகத் தீர்மானிக்கப்பட்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சிறைச் சுவர்களுக்குள் நடப்பது வாக்காளரின் கண்ணுக்கு எட்டாதது. அங்கே துன்புறுவோரோ பெரும்பான்மையோர் அல்லர். ஆகவே தேர்தல் அதிகாரியின் பிரபல்யத்தை அளக்குமேயன்றி அவரது நடத்தையை அளப்பதில்லை. 1911 முதல் கலிபோர்னியாவில் உள்ள திருப்பியழைக்கும் உரிமையும், இத்தகைய பெரிய கவுண்டியில் பல லட்சம் கையொப்பங்களை வேண்டுவதாகையால், எளிதில் கைகூடுவதன்று.

இக்குறையை நீக்க அக்கவுண்டியின் வாக்காளர் இரண்டு படிகளில் முயன்றனர். 2020 மார்ச்சில் நிறைவேறிய ‘ஆர்’ தீர்மானம், ஷெரீப் இலாகாவைக் கண்காணிக்கும் பொதுஜன மேற்பார்வைக் கமிஷனுக்குச் சாட்சிகளையும் தஸ்தாவேஜுகளையும் சம்மன் மூலம் வரவழைக்கும் அதிகாரத்தை அளித்தது. 2022 நவம்பரில் நிறைவேறிய ‘ஏ’ தீர்மானம், கவுண்டியை ஆளும் ஐவர் கொண்ட மேற்பார்வையாளர் சபை, நால்வரின் சம்மதத்துடன், கடமை சார்ந்த சட்டமீறல், கடமையைப் பலமுறை புறக்கணித்தல், பொதுப்பணக் கையாடல், உத்தியோக அறிக்கையைப் பொய்யாக்கல், விசாரணையைத் தடுத்தல் போன்ற காரணங்களுக்காக ஷெரீபை நீக்கலாம் என்றும், அதற்குமுன் குற்றச்சாட்டை எழுத்தில் தந்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றும் விதித்தது. உண்மையை அறியும் அதிகாரம் முன்னும் தண்டிக்கும் அதிகாரம் பின்னுமாக வந்த இந்த வரிசையே முறையானது. ஆதாரத்தைத் திரட்டும் வழியில்லாத நீக்க அதிகாரம் வெறும் கட்சிப் பலமாகவே முடியும்.

ஜனங்கள் தேர்ந்தெடுத்தவரை ஜனங்களே நீக்க வேண்டும் என்பது முதல் ஆக்ஷேபம். நீக்கும் அதிகாரத்தைச் சாசனத்தில் எழுதியவர்களும் அதே வாக்காளர்களாகையால் இதற்கு வலுவில்லை. ஸான் பெர்னார்டினோ கவுண்டியின் இதையொத்த விதியை 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது.

இரண்டாவது ஆக்ஷேபமே கனமானது. சபையினரின் குற்றங்களையும் விசாரிக்கக் கடமைப்பட்டவர் ஷெரீப். அவரது பதவி அவர்கள் கையில் இருந்தால் அவர் அஞ்சாமல் விசாரிப்பாரா? ‘ஏ’ தீர்மானம் வாக்கெடுப்புக்குக் காத்திருந்த 2022 செப்டம்பரில், ஷெரீப் இலாகாவினர் சபை உறுப்பினர் ஒருவரின் வீட்டைச் சோதனையிட்டனர். அது கடமையா பழிவாங்கலா என்ற விவாதம் எழ, மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இரு தரப்பும் ஒன்றையொன்று அச்சுறுத்தக்கூடிய இந்நிலையில், காரணங்களை வரையறுப்பதும், எளிய பெரும்பான்மையை மறுப்பதும், பதில் கூற இடமளிப்பதும் அலங்காரமல்ல, அவசியம்.

ஸான் மட்டேயோ கவுண்டி வேறு வழி சென்றது. பதவியில் இருந்த ஷெரீபின்மேல் குற்றச்சாட்டுகள் முற்றிய பிறகு, 2025 மார்ச்சில் வாக்காளர் அளித்த நீக்க அதிகாரம் 2028 முடிவு வரை மட்டுமே செல்லுபடியாவது; அவ்வாண்டு அக்டோபரிலேயே அது பிரயோகிக்கப்பட்டது. உடனடித் தேவைக்கு இது உதவியிருக்கலாம். ஆனால் ஒருவரை மனத்தில் கொண்டு இயற்றப்படும் விதி, அவருக்கு அநியாயம் இழைக்கும் அபாயத்தை உடையது. காலம் கழிந்தபின் அடுத்தவரைக் கட்டுப்படுத்தவும் உதவாது. லாஸ் ஏஞ்சலிஸ் விதியோ, அதை வேண்டச் செய்த அப்போதைய ஷெரீப் அதே நாளின் தேர்தலில் தோற்றும், பதவிக்குரிய விதியாக நிலைத்தது. எனவே இத்தகைய தீர்மானங்களைக் கொண்டுவர உகந்த காலம், குற்றஞ்சாட்டப்பட்டவர் எவரும் பதவியில் இல்லாத அமைதிக் காலமே. அப்போதுதான் வாக்காளர், தமக்குப் பிடித்தவருக்கும் பொருந்துமாறு விதியை எழுதுவர்.