49 ஆண்டுகளுக்கு ஒரு சாண்

ஈப்போ தேநீர்க் கடைகளில் ஓட்டப் பந்தயப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். அந்தக் காலத்து ஜெகதீசன் பெரியவரா, இன்றைய ஓட்டக்காரர்கள் பெரியவர்களா? குரல் உயருமே தவிர முடிவு வராது. இத்தனைக்கும் இதைத் தீர்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆறாம் ஆண்டு கணிதம் போதும்.

பேராக், கோலகங்சாரில் 1943இல் பிறந்தவர் எம். ஜெகதீசன். மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் சில 1877இல் ஊன்றப்பட்டதும் அதே ஊரில்தான். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். 1966 பேங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். மருத்துவரான இவரை நாடே 'பறக்கும் டாக்டர்' என்று கொண்டாடியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை முன்னேறினார். அங்கே அவர் பதித்த 20.92 வினாடி தேசிய சாதனையாக 49 ஆண்டுகள் நின்றது. 2017இல்தான் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் ஓடி அதை முறியடித்தார்.

வித்தியாசம் 0.02 வினாடி. அந்த வேகத்தில் ஓடும் ஒருவர் அந்த நேரத்தில் கடக்கும் தூரம் சுமார் 19 செண்டிமீட்டர். அதாவது அரை நூற்றாண்டில் நாடு முன்னேறியது ஒரு சாண் கூட இல்லை!

இனி அடுத்த கணக்கு. வாசகர்கள் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். மெக்சிகோவில் தங்கம் வென்ற அமெரிக்கர் டாமி ஸ்மித்தின் நேரம் 19.83 வினாடி, அது உலக சாதனை. ஜெகதீசன் 1.09 வினாடி பின்தங்கினார். அதை 19.83ஆல் வகுத்தால் 5.5 விழுக்காடு. 2017இல் உலக சாதனை உசேன் போல்ட் 2009இல் ஓடிய 19.19 வினாடி. கைருலின் இடைவெளி 1.71 வினாடி, அதாவது 8.9 விழுக்காடு. கடிகாரம் கைருல் வேகமானவர் என்கிறது, அது உண்மைதான். ஆனால் தன் காலத்து உலகின் உச்சிக்கு யார் அருகில் இருந்தார் என்று கேட்டால் விடை ஜெகதீசன்.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே மெல்லிய காற்று குறுந்தூர ஓட்டக்காரர்களுக்குச் சாதகம் என்று சிலர் மறுப்பார்கள். நியாயமான மறுப்பு. ஒலிம்பிக்கில் செயற்கை ஓடுதளம் முதன்முதலாக விரிக்கப்பட்டதும் அங்கேதான். ஆனால் அதே காற்றில், அதே தடத்தில்தான் ஸ்மித்தும் ஓடினார். இருவருக்கும் கிடைத்த சலுகை வகுக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. விழுக்காட்டின் பயனே அதுதான்.

இளைஞர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. பேராக்கின் இன்னொரு மைந்தர் முகமட் அஸீம் ஃபாமி 2022இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த உலக இளையோர் போட்டியில் 100 மீட்டரை 10.09 வினாடியில் ஓடினார். போல்ட்டின் 9.58 வினாடியோடு ஒப்பிட்டால் இடைவெளி 5.3 விழுக்காடு. தூரம் வேறு என்றாலும் ஜெகதீசனுக்கு இணையாக நிறுத்த ஒருவர் கிடைத்து விட்டார்.

ஆனால் இந்த விழுக்காட்டை எல்லா இடத்திலும் நீட்டக் கூடாது. தாப்பாவின் எம். ராஜாமணி 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்றவர். நேரம் 56.3 வினாடி. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பெர்ட் ஓடியது 52.0. இடைவெளி 8 விழுக்காட்டுக்கு மேல். இதைக் காட்டி ராஜாமணியைக் கீழே இறக்குவது அநியாயம். பெண்களுக்கான 400 மீட்டர் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த 1964இல்தான். அந்த ஆசியப் போட்டியில் அவரை முந்த ஆளில்லை என்பதும் ஒரு புள்ளிவிவரமே.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் இதைவிட எளிய கணக்கு தேவைப்பட்டது. அஞ்சல் ஓட்டத்திற்கு ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நான்கு முறை ஓடி 13.0, 13.1, 12.9, 13.0 என்கிறார். இன்னொருவர் 12.5, 13.6, 12.6, 13.3. இருவரின் சராசரியும் 13.0தான். முதல்வரின் மிகக் குறைந்த நேரத்திற்கும் மிகக் கூடிய நேரத்திற்கும் இடைவெளி 0.2 வினாடி, அடுத்தவருக்கு 1.1. இந்த இடைவெளியைக் கணக்கில் வீச்சு என்பார்கள். தனி ஓட்டத்திற்கு இரண்டாமவரை நம்பிப் பார்க்கலாம். கோலைக் கைமாற்றும் ஓட்டத்திற்கு முதல்வரே சரி.

ஆனால் பழைய நேரங்களைக் கையாளும்போது கவனம் வேண்டும். அன்று பல ஓட்டங்கள் கெஜத்தில் நடந்தன. 220 கெஜம் என்பது 201.17 மீட்டர், 200 மீட்டரைவிட ஓரடி எட்டு வைக்கும் தூரம் கூடுதல். கைக்கடிகாரத்தை அழுத்தி எடுத்த நேரம் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகவே காட்டும். 100, 200 மீட்டர் ஓட்டங்களுக்கு 0.24 வினாடி கூட்டிக்கொள்வது வழக்கம். பேங்காக்கில் ஜெகதீசன் 200 மீட்டரில் வென்ற 21.5ஐ அப்படியே இன்றைய மின்னணு நேரத்தின் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு பிழையாகி விடும்.

தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டபோது மக்கள் லயங்களை விட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். பல பள்ளிகள் இடம் மாறின, சில மூடப்பட்டன. விடியலில் பால் வெட்டிவிட்டு மாலையில் புல் திடலில் சுண்ணாம்புக் கோட்டிற்குள் ஓடியவர்களின் நேரத்தை எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் எங்காவது ஒரு பழைய பெட்டியில் கிடந்தால் அதை எடைக்குப் போட்டு விடாதீர்கள். அதில் கெஜமா மீட்டரா என்று மட்டும் குறித்திருந்தால், மீதிக் கணக்கை இன்றைக்கும் போட்டுவிடலாம்.