பீரீ ரயீஸ் வரைந்த கடல்

இஸ்தன்பூல் மாநகரின் தோப்காப்பி அரண்மனையை நம் வாசகர்களில் பலர் அறிந்திருப்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடையவை எனப் போற்றப்பெறும் நினைவுப் பொருட்கள் அங்கேதான் பேணப்பட்டு வருகின்றன. உதுமானிய ஸுல்தான்கள் வாழ்ந்த அந்த மாளிகையைப் பொருட்காட்சி சாலையாக மாற்றும் பணி நடந்துகொண்டிருந்த 1929ஆம் ஆண்டில், பழைய சுவடிகளுக்கிடையே தோல் ஒன்று கிடைத்தது. மான்தோல் என்பர். ஏறத்தாழ மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட அத்துண்டில், பல வண்ணங்களில் ஒரு பெருங்கடலும், அதன் கீழ்க்கரையில் ஸ்பெயினும் ஆப்பிரிக்காவும், மேற்கரையில் தென் அமெரிக்காவும் தீட்டப்பட்டிருந்தன. ஓரங்களில் துருக்கி மொழிக் குறிப்புகள். அவற்றுள் ஒன்று வரைந்தவரின் பெயரையும் காலத்தையும் கூறிற்று: கமால் ரயீஸின் உடன்பிறந்தார் மகன் பீரீ, இடம் கலிபோலி, காலம் ஹிஜ்ரி 919 முஹர்ரம், அதாவது கி.பி. 1513.

கொலம்பஸ் மேற்கே பாய் விரித்து அப்போது இருபத்தோராண்டுகளே கழிந்திருந்தன. ஜெர்மானிய அறிஞர் பால் காலே இப்படத்தை ஆராய்ந்து 1931இல் லெய்டன் நகரில் கூடிய கீழைத்தேய ஆய்வாளர் மாநாட்டில் எடுத்துரைத்தபோது, அவையோர் வியந்ததில் வியப்பில்லை.

பீரீ ரயீஸ் யார்? 'ரயீஸ்' என்பது கப்பல் தலைவருக்குரிய பட்டம். பிறந்த ஆண்டு திட்டமாகத் தெரியவில்லை. 1470ஐ ஒட்டியதாக இருக்கலாம். இளமையிலேயே சிறிய தந்தை கமால் ரயீஸின் கப்பலில் ஏறியவர். அந்தக் கமால், மத்தியதரைக் கடலெங்கும் அஞ்சப்பெற்ற கடல் வீரர். அந்துலூஸ் முஸ்லிம்கள் கிரனாடாவில் நெருக்குண்டு ஓலமிட்ட நாட்களில் ஸுல்தான் பாயஸீது அனுப்பிய துணைக்கப்பல்கள் அவர் தலைமையில்தான் சென்றன. சிறிய தந்தையும் மகனும் குளிர்காலங்களை வட ஆப்பிரிக்காவின் புஜாயா துறையில் கழித்தனர். எந்த விரிகுடாவில் நன்னீர் ஊறும், எந்தப் பாறை நீருக்கடியில் மறைந்து நிற்கும் என்பதையெல்லாம் பீரீ ஏட்டிலே படித்தவரல்லர். கலத்தில் நின்று கற்றவர். 1511ஆம் ஆண்டளவில் கமால் ரயீஸ் புயலில் சிக்கிக் கடலோடு மறைந்த பின்னரே, அவர் கலிபோலிக்குத் திரும்பிக் கவராயத்தைக் கையில் எடுத்தார்.

அக்காலக் கடற்படம் எத்தகையது என்பதைச் சற்று விளக்கினாலன்றி அவர் செய்த பணியின் அருமை விளங்காது. காந்த ஊசி மாலுமிகளின் கைக்கு வந்ததுதான் இக்கலைக்கு அடிப்படை. ஹிஜ்ரி 640இல் (கி.பி. 1242) ஷாம் நாட்டுத் திரிப்போலியிலிருந்து இஸ்கந்தரிய்யா சென்றபோது, நீரில் மிதக்கும் காந்த ஊசியைக் கொண்டு இரவில் மாலுமிகள் திசை அறிந்ததைக் கண்டதாக பைலக் அல்கிப்ஜாகீ எழுதி வைத்திருக்கிறார். ஊசி காட்டிய திசையையும், கலம் ஓடிய தொலைவையும் துறைக்குத் துறை குறித்துச் சேர்த்தவற்றிலிருந்தே பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மத்தியதரைக் கடற்படங்கள் தோன்றின. அவற்றில் அட்சக்கோடு கிடையாது. ஆங்காங்கே அமைந்த மையங்களினின்றும் திசைக்கோடுகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். செல்ல வேண்டிய இரு துறைகளுக்கிடையே அளவுகோலை வைத்து, அதற்கு இணையாக ஓடும் திசைக்கோடு எதுவெனக் கவராயத்தால் தேடினால், சுக்கானைத் திருப்ப வேண்டிய திசை கிடைத்துவிடும். துறைப் பெயர்களைக் கரைக்குக் குறுக்காக, நிலத்தின் பக்கமாகவே எழுதுவர். கடற்பரப்பு கணக்கிடுவதற்காக வெறுமையாக விடப்படும். கண்மதிப்பையும் ஊசியையும் மட்டும் நம்பி வரையப்பட்ட இக்கரைக்கோடுகள் இன்றைய படத்தோடு பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இக்கலை இத்தாலியருக்கும் மயோர்க்காத் தீவின் யூதருக்கும் மட்டுமே உரியதாக இருந்ததில்லை. தூனிஸ் நகரத்து இப்ராஹீம் அல்காதிபி 1413இலும், இப்ராஹீம் அல்முர்ஸீ 1461இலும் வரைந்த படங்கள் இன்றும் இஸ்தன்பூலில் உள்ளன. ஸஃபாக்கஸ் நகரத்து ஷரஃபீ குடும்பத்தினரோ இதனைப் பரம்பரைத் தொழிலாகவே கொண்டிருந்தனர்.

மீண்டும் பீரீயிடம் வருவோம். தம் படத்திற்கான ஆதாரங்களை அவரே அதில் பட்டியலிட்டுவிட்டார். ஏறத்தாழ இருபது படங்களைத் திரட்டி ஒரே அளவுக்குக் கொணர்ந்து இணைத்ததாகக் கூறுகிறார். துல்கர்னைன் காலத்தவை எனக் கருதப்பட்ட பழம்படங்கள். 'ஜாஃபரிய்யா' எனப்பட்ட எட்டு (இது 'ஜுக்ராஃபிய்யா' என்பதன் திரிபு என்பர் ஆய்வாளர்). இந்தியாவைக் காட்டும் அறபுப் படம் ஒன்று. ஹிந்து, ஸிந்து, சீனம் ஆகியவற்றைக் காட்டும் போர்த்துக்கீசியரின் புதுப்படங்கள் நான்கு. மேற்றிசைக்கு, ஜெனோவாக்காரர் கொலம்பஸ் வரைந்த படம் ஒன்று. கொலம்பஸுடன் மும்முறை அந்நிலங்களுக்குச் சென்று வந்த ஸ்பானியர் ஒருவர் கமால் ரயீஸிடம் சிறைப்பட்டிருந்தார். அவர் வாய்மொழியையும் மறைக்காமல் குறிக்கிறார். பகைவரிடமிருந்து பெற்றதைப் பகைவரிடமிருந்து பெற்றதாகவே எழுதும் நேர்மையை நாம் இங்கே காண்கிறோம். கொலம்பஸின் மூலப்படம் இன்று உலகில் எங்கும் கிடைக்கவில்லை. அதன் சாயலைத் தேடுவோர் இந்தத் துருக்கியரின் தோலைத்தான் நாடுகின்றனர்.

இவ்வளவு தெளிவாக எழுதி வைத்தவருக்குப் பிற்காலத்தில் நேர்ந்த கதியை என்னென்பது! 1966இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹாப்குட் என்பார் ஒரு நூல் வெளியிட்டார். படத்தின் தென்கோடியில் கிழக்கே வளைந்து செல்லும் கரை, பனி மூடுவதற்கு முற்பட்ட தென்துருவக் கண்டமே என்றும், மறைந்துபோன ஏதோ பழைய நாகரிகத்தார் அதனை அளந்திருந்தனர் என்றும் வாதித்தார். அவரையும் தாண்டி, வேற்றுக் கிரகத்தார் வானிலிருந்து பார்த்து வரைந்தது என்று கூறியோரும் உண்டு. வருந்தத்தக்கது, நம்மவரும் இதனைப் பெருமையாக எண்ணி மேடைகளிலும் மலர்களிலும் எடுத்துரைப்பதுதான். அருகிலிருக்கும் குறிப்பைப் படித்தால் ஐயம் அகன்றுவிடும்: அந்நிலம் வெப்பம் மிக்கது, பெரிய பாம்புகள் உள்ளதாகச் சொல்கிறார்கள், அதனால் போர்த்துக்கீசியர் அங்கே இறங்கவில்லை என்கிறார் பீரீ. தென்துருவத்தில் வெப்பம் ஏது, பாம்பு ஏது? தோலின் விளிம்பு நெருங்கிவிட்டதால் தென் அமெரிக்கக் கரையை வளைத்து வரைந்திருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம். இக்கற்பனையை ஏற்றால், இருபது படங்களை ஒப்புநோக்கிய ஒரு முஸ்லிம் மாலுமியின் உழைப்பை முகம் தெரியாத யாருக்கோ நாமே தாரை வார்த்தவர்களாவோம்.

1517இல் ஸுல்தான் ஸலீம் மிஸ்ரை வென்று அங்கே தங்கியிருந்தபோது பீரீ இப்படத்தை அவரிடம் வழங்கினார். ஆனால் அவருடைய பெரும்பணி இதுவன்று. 'கிதாபெ பஹ்ரிய்யா' என்னும் கடல் நூலே. உலகப்படம் பெற்ற புகழில் இந்நூல் மறைந்துபோனது நியாயமன்று என்பது நம் கருத்து. 1521இல் முதல் வடிவம் முடிந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் முதலமைச்சர் இப்ராஹீம் பாஷாவை மிஸ்ருக்கு அழைத்துச் சென்ற கலத்தில், வழியறிய அந்நூலை அவர் அடிக்கடி புரட்டுவதைக் கண்ட பாஷா, செம்மைப்படுத்தித் தருமாறு பணித்தார். அவ்வாறே விரிந்த இரண்டாம் வடிவம் 1526இல் ஸுல்தான் ஸுலைமானின் அவைக்குச் சென்றது. முன்னதில் 130 இயல்கள், பின்னதில் 210. தார்தனெல்ஸில் தொடங்கி, ஏஜியன் தீவுகள், வெனிஸ், இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், மக்ரிப், மிஸ்ர், ஷாம் என்று கடலைச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே நம்மைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒவ்வோர் இயலுக்கும் படம் உண்டு; எங்கே நங்கூரம் இடலாம், ஆழம் எவ்வளவு, எக்காற்றுக்கு எத்துறை ஒதுங்க உதவும் என்பனவெல்லாம் உண்டு. படம் இருக்க நூல் எதற்கு என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்கிறார்: சிறிய தோலில் எல்லாம் அடங்காது, கோட்டால் காட்ட இயலாததைச் சொல்லால்தான் காட்ட வேண்டும்.

இத்தகையவரின் முடிவு துயரமானது. 1547இல் ஸுவெஸ் கடற்படையின் தலைமை அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு ஏடனை மீட்டார். 1552இல் மஸ்கத்தைக் கைப்பற்றினார். ஆனால் ஹுர்முஸ் கோட்டை விழவில்லை. முற்றுகையை விட்டு பஸராவை அடைந்தவர், படையின் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு மூன்று கப்பல்களுடன் திரும்பினார். ஒன்று வழியில் சிதைந்தது. கையூட்டு வாங்கினார், கடற்படையைக் கைவிட்டார் என்ற பழிகள் அவருக்கு முன்பே தலைநகரை எட்டியிருந்தன. எண்பதைத் தாண்டியவர் என்று சொல்லப்படும் அம்முதியவரின் தலை, ஸுல்தானின் ஆணைப்படி காஹிராவில் வெட்டப்பட்டது. ஆண்டு 1553 என்றும் 1554 என்றும் கூறுவர். படையை விட்டுவந்தது தளபதிக்கு அழகன்று என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் ஸுலைமானின் பெருமைமிகு ஆட்சியில் இது ஒரு கறையென்றே நமக்குத் தோன்றுகிறது.

பஸராவில் தங்கிவிட்ட கப்பல்களை மீட்க அனுப்பப்பட்டவர் ஸெய்யிதீ அலீ ரயீஸ். 1554இல் போர்த்துக்கீசியரோடு பொருது, புயலிலும் அலைப்புண்டு, குஜராத் கரையில் ஒதுங்கினார். கப்பல்கள் போயின, எழுதுகோல் மிஞ்சியது. அஹ்மதாபாதில் அமர்ந்து, இப்னு மாஜித், ஸுலைமான் அல்மஹ்ரீ ஆகிய அறபு முஅல்லிம்களின் நூல்களைத் துணைகொண்டு இந்தியப் பெருங்கடலுக்கு 'அல்முஹீத்' என்னும் வழிநூலை இயற்றினார். (நாம் வழங்கும் 'மாலுமி' என்ற சொல்லும் அந்த 'முஅல்லிம்' என்பதன் திரிபே என்பர்.) பீரீ மத்தியதரைக் கடலுக்குச் செய்ததை, அவர் விட்டுவந்த படையைத் தேடி வந்தவர் நம் கடலுக்குச் செய்தார்.

தோப்காப்பியில் கிடைத்தது உலகப்படத்தின் மேற்குத் துண்டு மட்டுமே. அறபுப் படத்தையும் போர்த்துக்கீசியரின் நான்கு படங்களையும் கொண்டு ஹிந்துக் கரைகளைப் பீரீ வரைந்த கீழைப்பகுதி கிழிந்து பிரிந்துவிட்டது. அது இன்றுவரை கிடைக்கவில்லை.